அப்பாவோடு மூன்று தீவுகள்

1998 ஜூலை. பிரான்ஸ் உலகக் கிண்ணத்தை வென்று நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ரெஸ்ரோரண்ட் வேலையில் அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. விடியக்காலை ரயிலில் எங்களைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா, அம்மா, அக்கா, நான். போன இடம் பிரான்ஸின் பிரெத்தாஞ் கரையில் இருக்கும் சான் மாலோ.

எனக்கு ஒன்பது வயது. துறைமுகத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. பக்கத்தில் ஒரு பலகை. ஜெர்சித் தீவுக்கு ஒரு நாளில் போய்வர இவ்வளவு காசு என்று எழுதியிருந்தது.

"அப்பா, இதில போவம்."

அப்பா பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "ஏலாது" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். காசுக்காகத்தான் மறுக்கிறார் என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஜெர்சி பிரான்ஸுக்குச் சொந்தமில்லை. அது பிரித்தானிய முடிக்குரிய தீவு. அப்பாவிடமும் அம்மாவிடமும் அப்போது இருந்தவை அகதிகளுக்கான பயணப் பத்திரங்கள். அதோடு அந்தக் கப்பலில் ஏற முதலில் விசா எடுக்க வேண்டும். எனக்கும் அக்காவுக்கும்கூட அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை.

என்னைச் சமாதானப்படுத்த அப்பா வேறொரு தீவைக் காட்டினார். நகரத்து மதிலுக்கு நேர் எதிரே, பச்சைப் புல் மூடிய ஒரு பாறைத் தீவு. "உதுக்கு விசாவும் வேண்டாம், காசும் வேண்டாம். கடல் வத்தினால் நடந்தே போகலாமாம்." ஆனால் அன்று மதியம் கடல் ஏறியிருந்தது. மதிலில் இருந்து அம்மா கட்டிக்கொண்டு வந்த ரோல்ஸைச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தோம். பாதை தெரியவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு தீவுக்கும் போகாமல் வீடு திரும்பினோம்.

போன ஜூலையில் மறுபடி போனேன், இரண்டு நாளுக்கு. அப்பா, அம்மா, பதினாலு வயதான அக்காவின் மகள், நான். உங்களில் பலர் கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். பரிஸ் மொம்பர்நாஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். லண்டன் பக்கம் இருப்பவர்களுக்குப் போர்ட்ஸ்மத்திலிருந்து இரவுக் கப்பல் இருக்கிறது. கட்டாயம் போங்கள். எதை எப்படிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன். அப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலின் நேர அட்டவணை

சான் மாலோவில் எதையும் திட்டமிடுவதற்கு முன் கடலின் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய வற்றுப்பெருக்கு உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. பெரிய பெருக்கு நாட்களில், கடல் வற்றிய மட்டத்துக்கும் ஏறிய மட்டத்துக்கும் இடையே 12 மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும். நாலு மாடிக் கட்டிட உயரம். அது ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கும்.

ஏன் இங்கே மட்டும் இப்படி? அத்திலாந்திக்கிலிருந்து வரும் பெருக்கு ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைகிறது. வழியில் கொத்தந்தான் தீபகற்பம் கை நீட்டியதுபோல் குறுக்கே நிற்கிறது. ஆழமில்லாத வளைகுடாவுக்குள் தண்ணீர் நெருக்கப்பட்டு உயர்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரப் போகும் அல்லவா, அப்படித்தான் வளைகுடாவின் தாளமும் கடலின் தாளமும் இங்கே கிட்டத்தட்டப் பொருந்திப் போகின்றன. அமாவாசை, பறுவம் ஆகி ஒன்றிரண்டு நாளில் ஏற்றம் உச்சத்துக்குப் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. ஏறும் ஆறு மணி நேரத்தை ஆறு பங்காகப் பிரியுங்கள். முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, ஒன்று. மொத்தம் 12 மீற்றர் என்றால் நடு இரண்டு மணி நேரத்தில் மணிக்கு 3 மீற்றர். அதாவது நிமிடத்துக்கு 5 சென்ரிமீற்றர். போனில் ஒரு வீடியோ பார்த்து முடிப்பதற்குள் முழங்கால் நனைந்துவிடும். இங்கே ஆட்கள் கடலில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பக்கத்தில் ரான்ஸ் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1966இல் திறந்த மின் நிலையம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஓடுகிறது. 24 சுழலிகள், மொத்தம் 240 மெகாவாட். கடல் வற்றுப்பெருக்கில் ஓடும் பெரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே முதலாவது. பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சிகள் அணையின் மேலால் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

இவ்வளவையும் ரயிலில் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். நேர அட்டவணையை எக்செல்லில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். அப்பா பிறந்தது புங்குடுதீவில். எங்கள் ஊர்க் கடல் பெருகினாலும் முழங்கால் அளவுதான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நேற்றுப் பறுவம். அப்ப மத்தியானம் நல்லா வத்தும். உதுக்கு ஏன் கொம்பியூட்டர்?"

புதிதாகக் கட்டிய பழைய நகரம்

நகரத்தைச் சுற்றிக் கருங்கல் மதில் இருக்கிறது. மதிலின் மேலேயே ஒரு முழுச் சுற்று நடக்கலாம், இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் கிடையாது. ஒரு பக்கம் கடலும் தீவுகளும், மறுபக்கம் உயரமான சாம்பல் நிறக் கல்வீடுகள். கீழே பொன் செக்கூர் கடற்கரையில் 1937இல் கட்டிய கடல்நீர்க் குளம் இருக்கிறது. கடல் ஏறும்போது குளம் முழுவதும் மூழ்கி, குதிக்கிற மேடை மட்டும் நடுக்கடலில் தனியாக நிற்கும். அந்தக் காலத்தில் இரவில் காவலுக்குப் பெரிய நாய்களைக் கரையில் அவிழ்த்து விடுவார்களாம். 1770இல் அவை ஒரு கடற்படை அதிகாரியைக் கடித்துக் கொன்ற பிறகுதான் நிறுத்தினார்கள். அம்மாவுக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

"எவ்வளவு பழசு!" என்றாள் அக்காவின் மகள், வீடுகளைக் காட்டி.

இல்லை. மதில் பழசு. உள்ளே இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை அவளுடைய அம்மம்மாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவை. 1944 ஓகஸ்டில் ஜெர்மன் படை இந்தத் துறைமுகத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது. விடுவிக்க வந்த அமெரிக்கப் படையின் எறிகணைகளும் குண்டுகளும், மூண்ட தீயும் சேர்ந்து மதிலுக்குள் இருந்த நகரத்தின் எண்பது வீதத்தை அழித்தன. 865 கட்டிடங்களில் 182 மட்டுமே மிஞ்சின. தேவாலயத்தின் கோபுரம் சரிந்தது. மதிலுக்கு வெளியே கடலுக்குள் நிற்கும் தேசியக் கோட்டையில் ஊர் ஆண்கள் பல நூறு பேரை ஜெர்மன் படை அடைத்து வைத்திருந்தது. வெடிகள் அங்கேயும் விழுந்து ஆட்கள் செத்தார்கள். இன்று கடல் வற்றும்போது அதே கோட்டைக்கு மணலில் நடந்து போய் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

போர் முடிந்ததும் ஊரை எப்படிக் கட்டுவது என்று யோசித்தார்கள். பழைய ஊரின் முகத்தை விட்டுவிடாமல், அதே கருங்கல், அதே சரிவுக் கூரை, ஆனால் கொஞ்சம் அகலமான தெருக்கள் என்று முடிவாயிற்று. லூயி அரெத்ஷ் என்ற கட்டிடக் கலைஞரின் பொறுப்பில் பெரும்பகுதி வேலை நடந்தது. விழுந்த கற்களில் எடுக்கக்கூடியவற்றை எடுத்துத் திரும்பவும் வைத்தார்கள். தேவாலயக் கோபுரம் 1972இல்தான் முடிந்தது.

இதைச் சொல்லிக்கொண்டு நடந்தபோது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆர் காசு குடுத்தது?"

இருபத்தைந்து வருடம் மற்றவர்களின் சமையலறையில் வேலை செய்தவர் கேட்கக்கூடிய கேள்வி. போனில் தேடிப் பார்த்தேன். 1946 ஒக்ரோபர் 28இல் பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தது. போரில் வீடோ சொத்தோ அழிந்தவருக்கு அதை முழுமையாக ஈடுசெய்வது அரசின் கடமை, அது அவருடைய உரிமை என்றது அந்தச் சட்டம். அதற்கென்று மீள்கட்டுமான அமைச்சே இருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உரிமை எண்டு எழுதியிருக்கோ?"

"ஓம் அப்பா."

அவர் கொஞ்ச நேரம் ஒரு வீட்டின் ஜன்னல் நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "வடிவாத்தான் கட்டியிருக்கிறாங்கள்" என்றார்.

சிலைகள் சொல்லாதது

சான் மாலோ தன்னைக் கோர்சேர்களின் நகரம் என்று சொல்லிக்கொள்கிறது. கோர்சேர் என்றால் அரசரின் அனுமதிக் கடிதத்தோடு எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையடிப்பவர். கடிதம் இல்லாவிட்டால் அவர் வெறும் கடற்கொள்ளைக்காரர். அவர்களில் புகழ்பெற்ற சுர்க்கூஃபுக்கு இங்கே சிலை இருக்கிறது, கடலை நோக்கிக் கை நீட்டியபடி. அவர் 1800இல் வங்காள விரிகுடாவில் 'கென்ட்' என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தவர். எங்கள் கடல் அது. அடிமைக் கப்பல்களிலும் போனவர். அதைத்தான் சிறுவர்களுக்கான கடைப் பொம்மைகளில் காணவில்லை.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரும் இந்த ஊர்க்காரர். மஹே த லா பூர்தொனே, 1699இல் இங்கே பிறந்தவர். மொரீஷியஸ் தீவின் ஆளுநராக இருந்து போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக்கியவர். அந்த வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர் போன்ற கைவினைஞர்களை வரவழைத்தார். மொரீஷியஸில் தமிழரின் கதை தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டு வந்ததும் அதே ஆட்சிதான்.

1746இல் அவர் கப்பல்களோடு போய் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப் பட்டினத்தைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு நகரத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்தார். புதுச்சேரி ஆளுநர் டுப்ளே அதை ஏற்கவில்லை. இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. கடைசியில் லா பூர்தொனே பிரான்ஸுக்குத் திரும்பி, பஸ்தில் சிறையில் சில வருடம் இருந்து, குற்றமற்றவர் என்று வெளியே வந்து, 1753இல் இறந்துபோனார்.

இந்தச் சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்துத் தமிழில் எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார். டுப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும் பெரிய துரைமார் முறுகிக்கொண்டதும் எல்லாம் இருக்கின்றன. ஆகவே சான் மாலோ சரித்திரத்தை வாசிக்க பிரெஞ்சு மட்டும் போதாது, தமிழும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் வரலாற்று வேலை ஏதாவது செய்ய வேண்டி வந்தால் இதை எடுத்துச் செய்யுங்கள்.

முதல் தீவு: கிரான் பே

மதியம் அப்பா சொன்னதுபோலவே கடல் வற்றியது. 1998இல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே தண்ணீருக்கு அடியில் கல் பதித்த ஒரு பாதை கிடந்திருக்கிறது. ஈரமும் பாசியும் வழுக்கும். நல்ல சப்பாத்து வேண்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. அப்பா முன்னால் தனியாகப் போனார். இருபத்தேழு வருடம் காத்திருந்த தீவு, நடந்தால் பத்து நிமிடம்கூட இல்லை.

தீவின் கடல் பக்கத்தில் ஒரு கல்லறை. கருங்கல் சிலுவை, சுற்றிவரத் தாழ்ந்த இரும்பு வேலி. பெயர் இல்லை, ஆண்டு இல்லை. எழுத்தாளர் ஷத்தோபிரியான் இங்கே கிடக்கிறார். 1768இல் சான் மாலோவில் பிறந்து, 1848இல் இறந்தவர். உயிரோடு இருக்கும்போதே இந்த இடத்தை நகர சபையிடம் கேட்டு வாங்கி வைத்தவர். அவருடைய தகப்பனார் அடிமை வியாபாரத்திலும் காசு சேர்த்தவர். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகள் பள்ளியில் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று சண்டை போட்டார். காயம்பட்டு ஜெர்சித் தீவுக்குத் தப்பிப் போனார். அங்கிருந்து லண்டன். பல வருடம் அங்கே வறுமையில், பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து, மொழிபெயர்த்துப் பிழைத்தார். அவருடைய அண்ணனைக் கில்லட்டினில் கொன்றார்கள். 1800இல் திரும்பி வந்தபோது சொந்தப் பெயரில் வர முடியவில்லை. நெஷாத்தல் ஊர்க்காரர் ஒருவரின் பெயரில் போலிக் கடவுச்சீட்டில் வந்து இறங்கினார்.

அப்பா அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பினார்.

"வேற பேரில பாஸ்போட்டில வந்தவரோ?"

"ஓம்."

"அப்ப எங்கட ஆள்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அப்பாவும் சிரித்தார். அப்பா 1986இல் பிரான்ஸுக்கு எப்படி வந்தார், எந்தப் பெயரில் வந்தார் என்று அன்று வரை நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாத விஷயம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. அக்காவின் மகளுக்கு அந்த வழக்கம் தெரியாது. "உங்கட பேர் என்ன இருந்தது அம்மப்பா, அந்த பாஸ்போட்டில?" என்று கேட்டாள். அப்பா சொன்னார். ஒரு மலேசியக்காரரின் பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றபடி பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு விமானத்தில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாராம். இன்றைக்கும் அது மறக்கவில்லை. அதையும் சொன்னார்.

பேச்சு சுவையாகப் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவே எழும்பினார். "காணும், வாங்கோ. கடல் திரும்பிட்டுது." என் அட்டவணைப்படி இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நான் வாதாடவில்லை. மதிலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது பாதையின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது தீவு: செசாம்ப்ர்

மறுநாள் படகில் செசாம்ப்ர் தீவுக்குப் போனோம். கரையிலிருந்து சுமார் நாலு கிலோமீற்றர். தெற்குப் பக்கத்தில் வெள்ளை மணல் கடற்கரை, தெளிந்த தண்ணீர். படத்தில் பார்த்தால் மாலைதீவு என்பீர்கள். அதில் குளிக்கலாம், வெயில் காயலாம். மற்ற இடம் அப்படியில்லை.

1944 ஓகஸ்ட் 17இல் கரையில் இருந்த ஜெர்மன் தளபதி சரணடைந்த பிறகும், இந்தத் தீவில் இருந்த படை செப்ரெம்பர் 2 வரை பிடித்து நின்றது. சுமார் 18 ஹெக்ரேயர் நிலம். அதன் மேல் கணக்கில்லாத குண்டுகள் விழுந்தன, நேபாம் உட்பட. தீவு முழுக்கப் பள்ளமாயிற்று. போருக்குப் பிறகு கடற்கரையையும் அதன் சுற்றையும்தான் துப்புரவாக்கினார்கள். 2018இல் ஒரு சிறு நடைபாதையைத் திறந்தார்கள். மிச்ச நிலம் இன்றும் மூடித்தான் கிடக்கிறது. ஆட்கள் போகாததால் கடற்பறவைகள் வந்து கூடு கட்டிக்கொண்டன. இப்போது அவற்றுக்காகவும் பாதுகாக்கிறார்கள்.

அம்மாவின் முழங்கால் வலியால் நாங்கள் பாதையில் ஏறவில்லை. கடற்கரையிலேயே துவாயை விரித்து இருந்தோம். அப்பா மட்டும் வேலியடிக்கு நடந்து போனார். அங்கே வெடிபொருள் அபாயம் என்று ஒரு பலகை. நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். நானும் அக்காவின் மகளும் அவரிடம் போனோம்.

"எத்தினை வருசம்?" என்று கேட்டார்.

"எண்பதுக்கு மேல."

"இன்னும் எடுத்து முடியேல்ல." கொஞ்சம் விட்டு, "கரையில இருக்கிற ஊருக்குக் கதவும் ஓடும் குடுத்தாங்கள். இதைப் பறவைக்கு விட்டுட்டாங்கள்."

பிறகு, யாரும் கேட்காமலே, போனை எடுத்தார். ஒரு படத்தைத் தேடிப் பிடித்து எங்களிடம் நீட்டினார்.

கூரையில்லாத ஒரு கல்வீடு. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம். முற்றம் முழுக்கப் பற்றை. ஓரத்தில் ஒரு கிணற்றுக்கட்டு, அது மட்டும் முழுசாக.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப் பகுதி இராணுவத்தின் கைக்குப் போனபோது ஊர்ச்சனம் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறியது எனக்குத் தெரியும். அப்பாச்சியும் அப்படித்தான் போனா. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து அங்கேயே செத்துப்போனா. அப்பாவால் போக முடியவில்லை. வரவேற்பறையில் படத்துக்கு மாலை போட்டது நினைவிருக்கிறது. ஆனால் வீடு என்ன ஆயிற்று என்று தெரியாது. அந்தப் படத்தைச் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பி இரண்டு வருடம் ஆகிறதாம். இரண்டு வருடமாக அந்தப் போன் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்திருக்கிறது.

அக்காவின் மகள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். "கதவு எங்க அம்மப்பா?"

"கதவு, நிலை, ஓடு, தீராந்தி எல்லாம் ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்கள். கிணத்தைக் கொண்டு போகேலாதே." அவர் சிரிக்கப் பார்த்தார். "எங்கட ஊரில நல்ல தண்ணிக் கிணறு கிடைக்கிறது லேசில்லை. அக்கம்பக்கம் முழுக்க எங்கட வளவுக்குத்தான் குடத்தோட வரும்."

அம்மா தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. எழும்பி வரவில்லை. அவவுக்கு அந்தப் படம் முன்னமே தெரியும் என்று நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு

பதிவு நீண்டுவிட்டது. பயனுள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடல் நேரத்தைச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள், கரையில் உள்ள பலகையையும் பாருங்கள். பிரான்ஸில் ஏற்றத்தின் பலத்தை 20 முதல் 120 வரையான எண்ணால் சொல்வார்கள். எண் பெரிதானால் கடல் அதிகம் வற்றும், அதே அளவுக்கு வேகமாகவும் திரும்பும். கிரான் பேயில் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். தீவிலேயே இருந்து அடுத்த வற்றுக்குக் காத்திருங்கள். அங்கே கடையும் இல்லை, கழிவறையும் இல்லை, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். செசாம்ப்ரில் வேலி தாண்ட வேண்டாம், பலகை விளையாட்டுக்கு வைத்ததல்ல. ஷோசே தீவுக்கூட்டத்துக்கும் கோடையில் படகு உண்டு. கடல் வற்றினால் 365 தீவு, ஏறினால் 52 என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். இந்த ஊரின் கருங்கல்லில் ஒரு பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

சாப்பாட்டுக்கு, கறுப்புக் கோதுமை மாவில் கல்லில் ஊற்றிச் சுடும் கலெத் நல்லது. "தோசைதான், புளிக்க விடேல்ல" என்பது அம்மாவின் தீர்ப்பு.

முடிந்தால் அம்மா அப்பாவோடு போங்கள், தாத்தா பாட்டியோடு போங்கள். அவர்களுக்கு நடக்க முடிகிற வயதிலேயே போங்கள்.

மூன்றாவது தீவு

திரும்பும் நாள் பின்னேரம் துறைமுகப் பக்கம் போனோம். ஜெர்சிக் கப்பல் நின்றது. அதே கப்பல் இல்லை, அதே இடம். அப்பாவுக்கு 2003இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. நாங்கள் நாலு பேரும் கடவுச்சீட்டு கொண்டு வந்திருந்தோம்; நான்தான் எல்லாரையும் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். இதற்காகவே ஒரு நாள் கூடுதலாக நிற்கவும் தயாராக இருந்தேன்.

"இப்ப போகலாம் அப்பா. நாளைக்குக் காலமையும் இருக்கு."

அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார், அன்றைக்குப் போலவே.

"ஜெர்சியில எனக்கு என்ன வேலை?"

நாங்கள் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தோம். பாதி வழியில் அவர் சொன்னார்: "குறிகட்டுவான் வரைக்கும் இப்ப பஸ் ஓடுதாம். வேலணையால வந்து கடல்பாலத்தில ஏறினால் ரெண்டு பக்கமும் தண்ணி. இதைமாதிரித்தான், ஆனால் எங்கட பாலத்தைக் கடல் மூடாது."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"டிசெம்பரில மழை. மாசியில எண்டால் நல்லம். ரிக்கெற் என்ன விலை வரும்?"

"பெப்ரவரியில எனக்கு லீவு" என்றாள் அக்காவின் மகள்.

இதை எழுதும்வரை டிக்கெட் எடுக்கவில்லை. ஒரு கிழமை போவோம் என்கிறார், அடுத்த கிழமை அங்கே போய் எதைப் பார்க்கிறது என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. விலையை மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன். போன ஞாயிறு அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அப்பாச்சியின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.